வண்டலின்மேல் அமர்ந்த வாழ்வு

பாவத்தைக் குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் தனித்தனிச் செயல்களையே எண்ணுகிறோம். ஒருவன் பொய் உரைத்தான். மற்றொருவன் பிறன் பொருளைக் கவர்ந்தான். அவை நாள் குறிக்கத்தக்க நிகழ்ச்சிகள். ஆனால் ஒரு செயல் திரும்பத் திரும்பச் செய்யப்படும்போது, அது நிகழ்ச்சி என்னும் நிலையைக் கடந்து இயல்பு என்னும் நிலையை எய்திவிடுகிறது. அதன்பின் அதைச் செய்கிறவன் அதைத் தெரிந்தெடுப்பதில்லை. அவனுக்காக அது முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறது. முதன்முறை துடித்த மனச்சாட்சி நூறாம் முறை உறங்குகிறது. பழகிப்போன பாவத்தின் பெருங்கேடு அது அடிக்கடி நிகழ்கிறது என்பதன்று. அது பாவமாகத் தோன்றாமற் போகிறது என்பதே. கிறிஸ்தவ வாழ்வில் மெத்தனம் என்று நாம் அழைப்பது இவ்வுறக்கத்தைத்தான்.

காரைக்கால் பகுதியின் வடகோடியில், கடலை ஒட்டி, மண்டபத்தூர் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அதற்கு வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்ற காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறாக, நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ, தனித்து நிற்கிறது. இத்தகைய எல்லைகளில் வாழ்வோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு கரையில் விலக்கப்பட்டது மறுகரையில் உரிமம் பெற்று விற்கப்படும். தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ள சாராயம் காரைக்கால் பகுதியில் அரசின் உரிமத்துடன் கடைகளில் கிடைக்கிறது. ஆகவே ஆற்றைக் கடந்து வருவோர் உண்டு. சட்டத்தின்முன் அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனால் குடிப்பவரின் ஈரலுக்கும், வீட்டில் கூலிக்காசை எதிர்நோக்கியிருக்கும் மனைவி மக்களுக்கும் அந்த ஆறு எவ்வேறுபாட்டையும் செய்வதில்லை.

இவர்களைச் சுட்டிப் பழக்கப் பாவத்தைக் குறித்து அருளுரை ஆற்றுவது எளிது. நம் பிரசங்க மேடைகளில் அது நெடுங்காலமாக நடந்தும் வருகிறது. குடி, சூது, புகை, திரைப்படம் என்று பட்டியல் வாசிக்கப்படும்போது, அவற்றுள் எதையும் செய்யாதவர் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். பிறர் பாவங்களின் பட்டியல் நம் உறக்கத்திற்குத் தலையணையாகிறது. உள்ளபடியே, குடிக்கு அடிமையானவர் பலர் தம் அடிமைத்தனத்தை அறிந்தே இருக்கின்றனர். விடிகாலையில் அதற்காக அழவும் செய்கின்றனர். தாம் செய்வதைப் பாவம் என்றே அறியாத நிலை அவர்களுடையதைவிட ஆபத்தானது. அந்நிலையை விளக்க, எவரும் எளிதில் பழிக்கமுடியாத பக்திமான்களிடையே எடுத்துக்காட்டைத் தேடவேண்டும். அதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. மண்டபத்தூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடி இருக்கிறது.

வண்டல் என்னும் உருவகம்

தரங்கம்பாடிக்குச் செல்லுமுன் திருமறையில் ஒரு சொல்லைக் கவனிப்போம். செப்பனியா தீர்க்கர் எருசலேமின் மெத்தனக்காரரைக் கண்டிக்கும்போது (செப். 1:12) அவர்களைக் கொலைகாரர் என்றோ கள்வர் என்றோ சொல்லவில்லை. வண்டலின்மேல் உறைந்துபோன திராட்சரசத்திற்கு அவர்களை ஒப்பிடுகிறார். கர்த்தர் நன்மையும் செய்யமாட்டார், தீமையும் செய்யமாட்டார் என்பதே அவர்தம் உள்ளத்து எண்ணம். மோவாபைக் குறித்து எரேமியாவும் இவ்வுருவகத்தையே கையாளுகிறார் (எரே. 48:11). திராட்சரசத்தைப் பாத்திரத்திலிருந்து பாத்திரத்திற்கு மாற்றி ஊற்றுவது அக்காலத்து முறை. மாற்றாமல் விட்டால் கசடு அடியில் தங்கி, ரசத்தின் சுவையும் மணமும் அக்கசடினுடையதாகவே நிலைத்துவிடும். பாத்திரம் உடையவில்லை, ரசம் சிந்தவில்லை, வெளியே எக்கேடும் தெரிவதில்லை.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு வண்டல் என்பது வளத்தின் பெயர். நெல் விளைவது அதன்மேல்தான். எனவே இவ்வுருவகம் நம் செவியில் சற்று மாறி ஒலிக்கலாம். ஆயினும் அசையாத வாய்க்காலில் வண்டல் என்ன செய்யும் என்பதை நம் உழவர் அறிவர். ஆண்டுதோறும் தூர்வாராவிடில் தலைமடையில் நீர் நிறைந்திருக்க, கடைமடை காய்கிறது.

எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் பாவத்தின் வஞ்சனையால் உள்ளம் கடினப்படுவதைப் பற்றி எச்சரிக்கிறது (எபி. 3:13). ஈண்டு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. கடினப்படுதல் வஞ்சனையின் விளைவாகச் சொல்லப்படுகிறது; அதாவது கடினப்படுகிறவன் தான் கடினப்படுவதை உணர்வதில்லை. இரண்டாவது, அதற்கு மாற்றாக அங்குக் கூறப்படுவது தனிமனிதனின் வைராக்கியம் அன்று. நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுதலே. தன் உறக்கத்தை உறங்குகிறவன் அறியமாட்டான். மற்றொருவர் தட்டி எழுப்பவேண்டும்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய அகுஸ்தீன், பழக்கம் உருவாகும் வழியை ஒரு சங்கிலியாக விளக்கினார். கோணலான சித்தம் இச்சையாகிறது. இச்சைக்குப் பணிந்தால் அது பழக்கமாகிறது. பழக்கத்தை எதிர்க்காவிடில் அது தவிர்க்க இயலாத் தேவையாகிறது. ஒவ்வொரு கண்ணியையும் வார்த்தவன் தானே என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அகுஸ்தீன் கூறியது ஒரு தனிமனிதனின் சங்கிலி. ஒரு சமுதாயம் முழுவதும் ஒரே சங்கிலியைத் தலைமுறை தலைமுறையாக வார்த்தால், அதில் பிறக்கும் குழந்தைக்கு முதற்கண்ணியே தெரியாது. அதற்குத் தேவை மட்டுமே தெரியும். அதற்கு "வழக்கம்" என்று பெயரிட்டு அது வளர்கிறது. பழக்கம், வழக்கம் என்னும் இரு சொற்களும் தமிழில் இணைந்தே வழங்குவது நோக்கத்தக்கது. பழக்கம் ஒருவனுடையது; வழக்கம் ஊருடையது. பழக்கத்தைக் கைவிட்டவனை ஊர் பாராட்டும். வழக்கத்தைக் கைவிட்டவனை ஊர் விலக்கிவைக்கும்.

தரங்கம்பாடி காட்டும் பாடம்

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்கு. அவர்களை உருவாக்கியது ஜெர்மனியில் எழுந்த பக்தி இயக்கம். அவ்வியக்கத்தின் வரலாறு நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. 1675-இல் ஸ்பேனர் தம் சிறுநூலை வெளியிட்டபோதும், பின்னர் ஹாலே நகரில் ஃபிராங்கே பணியாற்றியபோதும், அவர்கள் எதிர்த்துப் போராடியது திருச்சபையின் மெத்தனத்தையே. ஞானஸ்நானம் பெற்றோம், விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாய்ச் சொல்லுகிறோம், திருவிருந்தில் பங்குபெறுகிறோம், இனி என்ன குறை என்று அமர்ந்திருந்த சபையை எழுப்புவதே அவர்களின் நோக்கம். ஆகவே தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் மெத்தனத்தை அறியாதவர்கள் அல்லர். அதை எதிர்ப்பதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டவர்கள்.

வந்த இடத்திலும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. தரங்கம்பாடிக் கோட்டையில் வாழ்ந்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியும் ஒழுக்கக்கேடும் அவர்களை உறுத்தின. 1707 மே மாதத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியரிடம் அடிமைகளாய் இருந்தவர்கள். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் பரிந்து பேசியதை ஒட்டி எழுந்த பூசலில், 1708-ஆம் ஆண்டின் இறுதியில் கோட்டைத் தலைவர் சீகன்பால்கைச் சிறையிலிட்டார். நான்கு மாதம் அவர் அங்கிருந்தார். 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய துணைவர் குருண்டலரும் தமிழர் பலரிடம் கேள்விகள் அனுப்பிப் பெற்ற மறுமொழிகள் ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தமிழர் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்பதில்லை என்னும் வினாவிற்கு வந்த மறுமொழிகளில் கிறிஸ்தவர்களின் நடத்தையே திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படுகிறது. பிறர் கண்ணால் தம் சபையைக் காண ஒரு மிஷனெரி துணிந்தார் என்பதே அக்கடிதங்களின் பெருமை.

இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் செய்தவர்கள் கட்டியெழுப்பிய சபையில், தொடக்க காலமுதலே சாதிக் கிறிஸ்தவர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர் வேறொருபுறமும் அமர்ந்தனர் என்பதும் உண்மை. 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. இன்றும் அது தரங்கம்பாடியின் இராஜவீதியில் நிற்கிறது. சிலுவையின் வடிவம் சுவர்களில் அமைந்தது. அச்சுவர்களுக்குள்ளே இடைவெளி அமைந்தது.

இவ்விடைவெளி ஒரு மனிதருடைய வாழ்வில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதைக் காண்போம். இராஜநாயக்கன் என்பவர் தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர், உரோமைச் சபையில் பிறந்து வளர்ந்தவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் அவர் கைக்குக் கிட்டியது. அதைப் படித்து, 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகப் பணியேற்றார். எதிர்ப்பும் துன்பமும் மிகுந்த சூழலில் 1771-இல் இறக்கும்வரை அப்பணியில் நிலைத்திருந்தார். ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள்! தஞ்சைச் சபையின் அடித்தளத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது என்பதை வரலாற்றாசிரியர் மறுப்பதில்லை.

1733 டிசம்பர் 28 அன்று வேளாள மரபில் பிறந்த ஆரோன் ஆயராக அபிஷேகம் பெற்றார். இந்திய நாட்டவருள் முதல் சீர்திருத்தச் சபை ஆயர் அவரே. அடுத்து மற்றொரு நாட்டு ஆயரைத் தெரிந்துகொள்ளவேண்டிய வேளை வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவருடைய ஆற்றலிலும் பக்தியிலும் மிஷனெரிமார் குறை காணவில்லை. ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெறுவது உயர்சாதிக் கிறிஸ்தவர்க்கு இடறலாகும், அதனால் திருவிருந்தின்மேல் அவர்களுக்குள்ள மதிப்பே குன்றும் என்று அவர்கள் அஞ்சினர். 1741-இல் தியோகு அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

அம்மிஷனெரிமாரின் காரணத்தைச் சற்று நின்று ஆராய்வது நலம். திருவிருந்தின் மாண்பைக் காப்பதற்காகவே அவர்கள் அம்முடிவை எடுத்தனர். கெட்ட நோக்கம் அவர்களிடம் இல்லை. பழகிய பாவம் கெட்ட நோக்கத்தின் உதவியின்றியே வாழவல்லது; நல்ல நோக்கங்களே அதற்குப் போதுமான உணவு. பலவீனமான சகோதரனுக்கு இடறல் உண்டாக்கலாகாது என்பது பவுலடிகளின் அறிவுரை. ஆனால் ஈண்டுப் பலவீனமானவர் யார்? ஆலயத்தின் முன்பகுதியில் அமர்ந்தவர்களே பலவீனர் எனக் கருதப்பட்டனர். பின்னே அமர்ந்தவர்கள் இடறினார்களா என்று எவரும் கேட்கவில்லை. அவர்கள் பழகிவிட்டனர் என்று கொள்ளப்பட்டது. இழைக்கப்படும் அநீதிக்கு ஒருவன் பழகிவிட்டான் என்பது, இழைக்கிறவன் பழகிவிட்டான் என்பதற்குச் சான்றாகலாம். அநீதி குறைந்தது என்பதற்குச் சான்றாகாது.

எல்லை தாண்டும் பழக்கம்

அடுத்த நூற்றாண்டில் எதிர்ப்பு எழுந்தது. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் விடுத்த சுற்றுமடலில், சபைக்குள் சாதி வேறுபாடுகள் உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்படவேண்டும் என்று பணித்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினர். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரும்புலவரான வேதநாயக சாஸ்திரியாரே இத்தகைய சீர்திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தவருள் ஒருவர் என்பது நமக்குத் துயரளிக்கும் செய்தி. அவருடைய பாடல்களை இன்றும் நம் சபைகள் பாடுகின்றன, பாடவும் வேண்டும். பெரிய பக்தியும் பெரிய குருட்டுத்தன்மையும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே குடியிருக்கக்கூடும் என்பதை அப்பாடல்களைப் பாடும்போதெல்லாம் நினைவிற்கொள்வது தகும்.

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனெரிமார் 1847-இல் சாதியைக் கைவிடுதலைச் சபை உறுப்பினர்க்கு நிபந்தனையாக்கினர். சேர்ந்துண்ணும் அன்பின் விருந்துகளால் அதைச் சோதித்தும் பார்த்தனர். லைப்சிக்கு மிஷன் வேறு வழியைத் தெரிந்துகொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை நம் நாட்டிலும் அயல்நாடுகளிலும் பயணம் செய்து, 1851-இல் சென்னையில் தம் மிஷனின் நிலையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். சாதியில் சமயக்கூறும் சமுதாயக்கூறும் உண்டு. சமயக்கூறு விலக்கப்படவேண்டியது, சமுதாயக்கூறோ சட்டத்தால் பறிக்கப்படாமல் நற்செய்தியின் புளிப்பால் மெல்ல மறையவேண்டியது என்பது அவர் கருத்து. கிரவுல் எளிதில் ஒதுக்கத்தக்கவர் அல்லர். திருக்குறளை ஜெர்மானிய மொழியில் பெயர்த்த அறிஞர் அவர். ஐரோப்பிய ஒழுங்குகளைத் தமிழர்மேல் திணிக்கலாகாது என்னும் அவருடைய கவலை மதிக்கத்தக்கது. எனினும் அவருடைய மிஷனிலேயே ஓக்ஸ் என்பவர் இக்கொள்கைக்கு உடன்படாமல் பிரிந்து சென்று, பின்னர் டேனிய மிஷனோடு இணைந்து பணியாற்றினார். மெல்ல மறையும் என்று கூறப்பட்டு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

இதன் விளைவாக நிகழ்ந்ததொன்றை நம் சபை வரலாறுகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. ஒரு மிஷனின் கட்டுப்பாடு பிடிக்காதவர் அடுத்த மிஷனைச் சேர்ந்தனர். தஞ்சையிலும் சென்னையிலும் ஆங்கிலிக்கச் சபைகளினின்று வெளியேறியவருள் பலர் லுத்தரன் சபைகளை நாடினர். அங்கே விலக்கப்பட்டது இங்கே பொறுத்துக்கொள்ளப்பட்டது. நண்டலாற்றைக் கடந்து சாராயக் கடைக்குச் செல்கிறவனை நாம் கண்டிக்கிறோம்; நம் முன்னோர் திருவிருந்துப் பந்தியைத் தெரிந்துகொள்ள எல்லை கடந்ததை "சபை மாற்றம்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.

நிபந்தனை விதித்த சபைகளும் தம்மை மெச்சிக்கொள்வதற்கு இடமில்லை. ஆலயத்திலிருந்து விலக்கப்பட்ட வழக்கம் திருமணத்தில் சென்று ஒளிந்தது, தேர்தலில் வெளிவந்தது, கல்லறைத் தோட்டத்தில் நிலைத்தது. "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்னும் நம் பழமொழியைப் புன்னகையோடுதான் சொல்லுகிறோம். மணமகன் தேவை என்று கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுக்கும் விளம்பரங்களில் சபைப் பெயரும் சாதிப் பெயரும் இணைபிரியாமல் அச்சாவதைக் காண்போர்க்கு அப்புன்னகை நீடிக்காது. 2008 மார்ச்சு மாதத்தில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கச் சபையின் தலித்து மக்கள் தங்களுக்கு நேர்ந்த வேறுபாட்டை எதிர்த்து எழுந்ததைத் தொடர்ந்து கலகம் மூண்டு, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அது உரோமைச் சபையின் காரியம் என்று நம்மவர் சிலர் அமைதிகொண்டனர். மீண்டும் ஆற்றின் மறுகரையைச் சுட்டிக்காட்டும் விரல்!

பேரிடர் வந்தால் பழக்கங்கள் தகர்ந்துவிடும் என்று கருதுவாரும் உளர். 2004 டிசம்பர் 26 காலையில் காரைக்கால், நாகப்பட்டினக் கடற்கரையில் ஆழிப்பேரலை எழுந்தபோது அது எவருடைய குலத்தையும் கேட்கவில்லை. ஆயினும் சில நாட்களுக்குள்ளேயே நாகப்பட்டினம் பகுதியின் நிவாரண முகாம்களில் தலித்து மக்கள் ஒதுக்கிவைக்கப்படுகின்றனர், உணவிலும் தண்ணீரிலும் வேறுபாடு காட்டப்படுகின்றது என்னும் முறையீடுகள் எழுந்து நாளேடுகளில் வெளியாயின. கடல் அடித்துச்சென்றது வீடுகளையும் உயிர்களையுமே.

அந்தியோகியாவின் மேசை

புதிய ஏற்பாட்டில் இதே பாவம், இதே வடிவில், ஓர் அப்போஸ்தலரிடம் காணப்பட்டது (கலா. 2:11-14). அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு அமர்ந்து உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபின் மெல்ல விலகினார். பேதுரு அறியாமையால் விலகவில்லை. யோப்பாவில் தரிசனம் கண்டவர், கொர்நேலியுவின் வீட்டில் ஆவியானவர் இறங்கக் கண்டவர் அவர். அச்சமே காரணம் என்று பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். பேதுருவைப் பார்த்து மற்ற யூதரும் விலகினர்; பர்னபாவும் இழுப்புண்டார். ஒரு தலைவரின் சிறிய விலகல் ஒரு பந்தியை இரண்டாக்கிற்று. பிறப்பு முதல் ஊறிய வழக்கம் அவ்வளவு எளிதாகத் திரும்பிவந்து தன் இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

பவுல் செய்ததில் மூன்று கூறுகளை நம் ஆயர்கள் கருத்தூன்றி நோக்கவேண்டும் எனத் தோன்றுகிறது. அவர் பேதுருவின் முகத்துக்கு நேரே பேசினார், புறங்கூறவில்லை. எல்லாருக்கும் முன்பாகப் பேசினார். பாவம் பந்தியில் நிகழ்ந்தமையால் கண்டிப்பும் பந்தியிலேயே நிகழ்ந்தது. தனியே அழைத்து மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று நம்மில் பலர் கூறுவோம். ஆனால் அவ்வாறு செய்திருந்தால் எழுந்துபோகப்பட்ட இலைகளின்முன் அமர்ந்திருந்த புறவினத்தார்க்கு எவரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார். மூன்றாவதே இன்றியமையாதது. அவர் பேதுருவின் நடத்தையை மரியாதைக் குறைவு என்றோ, சமுதாய வழக்கு என்றோ வகைப்படுத்தவில்லை. நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடை என்றார். உடனே விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசத்துள் நுழைகிறார். கிறிஸ்துவின் நீதியை மட்டுமே பற்றி இறைவன்முன் நிற்பதாகச் சொல்லும் ஒருவன், தன் பிறப்பைப் பற்றிக்கொண்டு சகோதரன்முன் நிற்கமுடியாது. ஆகவே லுத்தரன் சபையோர்க்கு இது ஒழுக்கவியலின் ஓர் அத்தியாயம் அன்று. சபை நிற்பதும் விழுவதும் எக்கோட்பாட்டினால் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோமோ, அக்கோட்பாடே பந்தியில் சோதிக்கப்படுகிறது. கிரவுலின் பகுப்பிலுள்ள குறை இதுவே: உண்ணும் மேசையைச் சமுதாயத்தின் கணக்கில் எழுதிவிட்டால், கர்த்தருடைய மேசையை எக்கணக்கில் எழுதுவது?

வில்சனின் ஆணை பொருளில் சரியானதே. எனினும் ஆணை மட்டும் வந்தபோது மக்கள் அதைப் பேராயரின் ஒழுங்காகக் கண்டனர். நற்செய்தியின் உட்பொருளாகக் காணவில்லை. ஒழுங்கை விட்டு வேறு ஒழுங்கிற்குப் போகலாம். நற்செய்தியை விட்டு எங்கே போவது?

இங்கு மெத்தனத்தின் மற்றொரு புகலிடத்தையும் குறிப்பிடவேண்டும். விசுவாசி ஒரே வேளையில் நீதிமானும் பாவியுமாய் இருக்கிறான் என்பது லுத்தரின் ஆழ்ந்த போதனை. போராடிக் களைத்தவனுக்கு அது ஆறுதல். போராடாதவனுக்கு அது மெத்தையாகிவிடுகிறது. பாவி என்பது நம் நிரந்தர முகவரி போலாகி, அங்கிருந்து பெயரவேண்டிய அவசியம் மறைகிறது. 1937-இல் வெளியான தம் நூலில் போன்ஹோஃபர் மலிவான கிருபை என்று சாடியது இதைத்தான். அவரும் லுத்தரின் மரபில் நின்றே சாடினார். 1517-இல் லுத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து வாதங்களுள் முதலாவது, விசுவாசியின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாய் அமையவேண்டும் என்பதைப் பற்றியது. மனந்திரும்புதலையும் நீதிமானாக்கப்படுதலையும் பிரித்து, முன்னதைத் தவக்காலத்திற்கும் பின்னதைச் சீர்திருத்தத் திருநாளுக்கும் ஒதுக்கியது நம் வசதி.

திருவிருந்துக்கு முன்

வாரந்தோறும் ஆலயத்தில் பொதுப் பாவ அறிக்கை செய்கிறோம். நினைவாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தோம் என்கிறோம். அவ்வறிக்கையும் பழக்கமாகிவிடலாம், எல்லாப் பாவத்தையும் ஒருங்கே அறிக்கையிடுவது எப்பாவத்தையும் அறிக்கையிடாதிருக்க ஒரு வழி. லுத்தர் இதை அறிந்திருந்தார். 1529-இல் வெளியிட்ட சிற்றுபதேச நூலில், எவ்வெப்பாவங்களை அறிக்கையிடவேண்டும் என்ற வினாவிற்குப் பத்துக் கட்டளைகளின் ஒளியில் உன் நிலையை ஆராய்ந்து பார் என்னும் வழியைக் காட்டினார். தந்தையா, தாயா, மகனா, எசமானனா, வேலைக்காரனா என்று அவரவர் நிலையிலிருந்து தொடங்கவேண்டும். சீகன்பால்க் தமிழில் பெயர்த்தவற்றுள் இச்சிற்றுபதேசமும் ஒன்று. நம் பிள்ளைகள் அதைத் திடப்படுத்தல் வகுப்பில் ஒப்புவிக்கின்றனர். ஆனால் நில உடைமையாளன் என்னும் நிலையிலிருந்து, சங்கப் பொருளாளர் என்னும் நிலையிலிருந்து, பெண் கேட்டு வந்தவரைக் குலம் விசாரித்து அனுப்பிய தந்தை என்னும் நிலையிலிருந்து அறிக்கை செய்தவரைக் காண்பது அரிது.

கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதிய அறிவுரையும் இவ்வாறே நம் கையில் சுருங்கிவிட்டது. திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறியவேண்டும் என்பதை (1 கொரி. 11:28) ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைத் தனியே துழாவிப் பார்த்தல் எனப் பொருள்கொள்கிறோம். ஆனால் அவ்வதிகாரம் முழுவதும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியது: சிலர் முந்தி உண்டு நிறைய, சிலர் பசித்திருந்தனர், இல்லாதவர் வெட்கப்படுத்தப்பட்டனர். கர்த்தருடைய சரீரத்தைப் பகுத்தறியாமை என்பது அங்கே அருகிலிருந்தவனைக் காணாமையோடு பிணைந்திருக்கிறது. தன்னைச் சோதிக்கிறவன் தன் உள்ளத்தோடு தன் பந்தியையும் நோக்கவேண்டும்.

சகேயுவின் மனந்திரும்புதலில் எண்கள் இருந்தன (லூக். 19:8). உடைமையில் பாதி, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. நம் மனந்திரும்புதல்களில் எண்கள் இருப்பதில்லை, உணர்ச்சி இருக்கிறது. பழக்கத்தை உணர்ச்சி வெல்லாது என்பதை எழுப்புதல் கூட்டங்களுக்குச் சென்று திரும்பிய எவரும் அறிவர். ஒரு பழக்கத்தின் இடத்தில் மற்றொரு பழக்கம் வந்து அமர்ந்தாலன்றி அது வெளியேறுவதில்லை. தனித்து உண்டவர் சேர்ந்து உண்ணப் பழகவேண்டும். அதற்கு நாளும் இடமும் குறிக்கவேண்டும்.

லுத்தரன் மரபில், திருவிருந்தில் பங்குபெற விரும்புவோர் முன்னதாகவே ஆயரிடம் பெயர் கொடுக்கும் ஒழுங்கு இருந்தது. அவ்வேளையில் ஆயர் அவர்களோடு அமர்ந்து பேசி, பகையிருந்தால் விசாரித்து, ஒப்புரவாக்கி அனுப்புவது அதன் நோக்கம். பெயர் எழுதுவது மட்டும் எஞ்சிய இடங்களும் உண்டு. அதுவும் மறைந்த இடங்களே மிகுதி. அதை மீண்டும் தொடங்கலாம். ஆயர் கேட்கவேண்டிய வினா நீண்டதாய் இருக்கவேண்டியதில்லை: இந்த ஆலயத்தில் உம்மோடு அப்பம் பெறுகிறவர்களுள் யார் வீட்டில் நீர் ஒருநாளும் உண்டதில்லை? ஆயர் முதலில் தம்மையே அவ்வாறு கேட்டுக்கொண்டு, விடையைத் தம் குருசேகரக் குழுவின்முன் வாசிப்பது முறை. அக்கூட்டத்திலேயே கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தையும் மேசைமேல் விரித்து, யார் எப்பகுதியில் அடக்கம் செய்யப்படுகின்றனர், அப்பிரிவை எந்தத் தீர்மானம் எந்த ஆண்டில் ஏற்படுத்தியது என்று கேட்கலாம். பெரும்பாலும் அத்தகைய தீர்மானம் எதுவும் பதிவேட்டில் இராது. இல்லாத தீர்மானத்தை நீக்குவதற்கு ஒரு தீர்மானம் அன்றே எழுதப்பட்டு, அடுத்த அடக்கம் நிகழுமுன் சபையாருக்கு வாசிக்கப்படவேண்டும்.